மயக்க ஊசியில் வரும் கனவும் பிரமையும்: நோயாளியும் உடனிருப்பவரும் செய்ய வேண்டியவை

இருபது ஆண்டுகளுக்கு முன் என் தொடையில் வந்த சீழ்க்கட்டியை அறுத்து எடுப்பதற்காகச் சிறிய மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தேன். பத்து நிமிட வேலை என்றார்கள். பத்து நிமிடத்தில் முடித்தும் விட்டார்கள். ஆனால் கையில் ஊசி ஏறிய சிறிது நேரத்திலேயே மேலே இருந்த குழல்விளக்கு சதுரம் சதுரமாக உடைந்தது. அறை ரயில் பெட்டியைப் போல நீண்டுகொண்டே போனது. அதன் மறுகோடியில் என் கால்கள் யாருடைய கால்களோ போலக் கிடந்தன. நான் இறந்துவிட்டேன் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்த முடிவில் பயமே இல்லை. பயம் பின்னால்தான் வந்தது. தியேட்டரிலிருந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும், பதறிப்போன என் அண்ணன் இரு கன்னங்களிலும் தட்டி, “டேய், கண்ணைத் திற, என்னைப் பாருடா” என்று உரக்கக் கூப்பிட்டார். அவருடைய முகம் சுவர் அளவுக்குப் பெருத்துத் தெரிய, அதுவரை இருந்த மிதப்பு முழுவதும் ஒரே நொடியில் நரகமானது. கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்த்தேன் என்றும், மூன்று பேர் பிடித்துப் படுக்கவைத்தார்கள் என்றும் பிற்பாடு சொன்னார்கள்.

எனக்குப் போட்டது கெட்டமைன் என்பதும், அந்த மருந்துக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்பதும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தன. ஊசி போடுமுன் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனுக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கன்னத்தில் தட்டியிருக்க மாட்டார். மயக்கத்தில் வரும் காட்சிகள் மருந்தை மட்டும் பொறுத்தவை அல்ல. ஊசி போடுமுன் நோயாளியின் காதில் விழுந்த சொற்களும், தெளியும்போது பக்கத்தில் இருப்பவர் நடந்துகொள்ளும் விதமும் அந்தக் காட்சிகளின் போக்கை மாற்றுகின்றன. அதனால்தான் இந்தக் கட்டுரையை நோயாளிக்காக எழுதும் அளவுக்கு உடனிருப்பவருக்காகவும் எழுதுகிறேன்.

எந்த மருந்து என்ன செய்யும்

மயக்கம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது பல வகையான நிலைகளை. காயம் தைக்கும்போதோ பல் பிடுங்கும்போதோ அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியில் கனவுக்கு வேலை இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போதும் நோயாளி விழித்தே இருப்பார். ஆனால் பயம் தெரியாமல் இருக்க நரம்பு வழியே சிறிது தூக்க மருந்தும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அப்போதுதான் அரைத்தூக்கமும் அறைச் சத்தமும் கலந்து, தட்டுகளின் கிணுகிணுப்பு கோயில் மணியாகவும் மருத்துவர்களின் பேச்சு பக்கத்து வீட்டுச் சண்டையாகவும் கேட்கும். எலும்பு சேர்த்தல், கட்டி அறுத்தல், கருப்பை சுத்தம் செய்தல், எண்டோஸ்கோபி போன்ற குறுகிய வேலைகளுக்கு நரம்பு வழியே கொடுக்கும் மருந்துகளில்தான் கனவும் பிரமையும் அதிகம் பேசப்படுகின்றன.

இவற்றில் முதலிடம் கெட்டமைனுக்கு. 1962இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட இந்த மருந்து, 1964இல் மிச்சிகன் மாநிலச் சிறையில் தன்னார்வலர்களாக முன்வந்த கைதிகளுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்க்கப்பட்டது. விண்வெளியில் மிதப்பது போல இருந்தது என்றும், கைகால் இருப்பதே தெரியவில்லை என்றும் அவர்களில் சிலர் சொன்னார்கள். அந்த ஆய்வை நடத்திய எட்வர்ட் டொமினோ இதை வீட்டில் விவரித்தபோது, நோயாளி உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறார் என்ற பொருளில் அவருடைய மனைவி சொன்ன ‘டிஸோசியேட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்தான் இன்றுவரை இந்த வகை மயக்கத்துக்குப் பெயராக இருக்கிறது. 1970இல் அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து சேரும் ஒரு வாயிலை கெட்டமைன் அடைத்துவிடுகிறது; கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் வந்துகொண்டிருந்தாலும், அவற்றைச் சேர்த்து ஓர் உலகமாகக் கட்டும் வேலை நடப்பதில்லை. நோயாளியின் கண்கள் திறந்திருக்கும், கருவிழி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் அவர் அங்கே இருக்கமாட்டார். உள்ளே மிதப்பு, குகைப்பாதை, வெளிச்சம், நிறங்கள் உருகுவது, உடல் நீள்வது அல்லது சுருங்குவது, ஒரு நிமிடம் ஒரு யுகமாவது என்று காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிச் சொன்னால், இந்த மருந்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். வலியை முழுக்க நீக்கிவிட்டு, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் விழவிடாமல் தாங்கிப் பிடிப்பது இதன் தனிச்சிறப்பு. பெரிய இயந்திரங்கள் இல்லாத சிறு மருத்துவமனைக்கும், ரத்தம் இழந்து வந்த விபத்து நோயாளிக்கும் அது உயிர் காக்கும் குணம். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இது இருப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே கெட்டமைன் என்ற பெயரைக் கேட்டவுடன் வேண்டாம் என்று மறுப்பது புத்திசாலித்தனம் அல்ல. அது கொடுக்கப்படும் என்று தெரிந்துகொண்டு ஆயத்தமாவதே சரி. தெளியும்போது தொந்தரவான காட்சிகளும் பிதற்றலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு வரலாம் என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் அது குறைவாகவே வருகிறது. நரம்பில் போடுவதைவிடச் சதையில் போடும்போதும் குறைவு.

புரோப்போஃபால் வேறு ரகம். பால் போன்ற வெண்மையான திரவம்; சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து எடுத்த கொழுப்பும் கலந்திருப்பதால் அந்த நிறம். ஏறும்போது கையில் சுருக்கென்று எரியும், அடுத்த மூச்சில் தூக்கம். இதில் வரும் கனவுகள் பெரும்பாலும் சிறியவை, இதமானவை, அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை: கடைக்குப் போவது, பேரனுடன் விளையாடுவது, சமைப்பது. 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மயக்கம் தெளிந்தவுடன் கேட்கப்பட்ட 300 பேரில் 22 விழுக்காட்டினர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இந்தக் கனவுகள் கத்தி வைக்கும் நேரத்தில் வருபவை அல்ல, மயக்கம் இறங்கி இயல்பான தூக்கம் போன்ற நிலையைக் கடக்கும் கடைசிச் சில நிமிடங்களில் வருபவை என்பதே இன்று மருத்துவர்களிடம் வலுவாக உள்ள கருத்து. அதனால் கனவு கண்டேன், ஆகவே எனக்கு மருந்து போதவில்லை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மிடசோலம் என்ற தூக்க மருந்தோ நினைவையே பதியவிடாது: நோயாளி பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், பிறகு எதுவுமே நடக்கவில்லை என்று சாதிப்பார். அவர் பொய் சொல்லவில்லை.

முந்தின நாள் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும்

மயக்க மருத்துவர் பரிசோதிக்க வரும்போது நம்மவர்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரமையைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு சில உண்டு. மனநோய்க்கு எப்போதாவது மருந்து எடுத்திருந்தால், குறிப்பாக யாரும் இல்லாமலே குரல் கேட்கும் நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால், கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கெட்டமைனைத் தவிர்க்கவே மருத்துவர்கள் பார்ப்பார்கள். தூக்க மாத்திரை, கஞ்சா, மது ஆகியவற்றையும் உள்ளபடி சொல்ல வேண்டும். முன்பு ஒரு முறை மயக்கத்தில் பயங்கரமான அனுபவம் ஏற்பட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் அடிக்கடி தெளிவான கனவு காண்பவர்கள் அதையும் சொல்லிவைப்பது நல்லது. மயக்கத்திலும் கனவு காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குடும்பங்கள் அதிகம் மறைக்கின்றன. தினமும் குடிப்பவர் ஒருவர் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தால், மயக்க ஊசியோடு குடியும் நின்றுபோகிறது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் கட்டிலுக்கு அடியில் ஆள் ஒளிந்திருப்பதாகவும் சொன்னால், “மயக்க ஊசி இன்னும் இறங்கவில்லை” என்று உறவினர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது மயக்க மருந்தின் வேலை அல்ல, மது நின்றதன் விளைவு. உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. மனைவியின் முன்னால் அவர் சொல்லத் தயங்கினால், உடனிருப்பவர் மருத்துவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. எனக்கு முழு மயக்கமா, அரைத்தூக்கமா, மரத்துப்போகும் ஊசி மட்டுமா என்று கேளுங்கள். அரைத்தூக்கம் என்றால், இடையில் பேச்சுக் குரலும் அழுத்துவது போன்ற உணர்வும் தெரியுமா என்று கேளுங்கள். கெட்டமைன் என்றால், தெளியும்போது வரும் தொந்தரவைக் குறைக்க மிடசோலம் போன்ற மருந்து சேர்த்துக் கொடுப்பீர்களா என்று கேட்பதில் தவறே இல்லை. அது பரவலாக உள்ள வழக்கம். கேட்கும் தொனி மட்டும் சோதிப்பது போல இருக்க வேண்டாம். “டாக்டர், எனக்குக் கெட்ட கனவு வரும் என்று பயமாக இருக்கிறது” என்று தொடங்கினால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். வெறும் வயிற்று விதியை ஒருபோதும் தளர்த்தாதீர்கள்: லேசான உணவு என்றாலும் ஆறு மணி நேரமும், வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும், அவர்கள் அதற்கு மேல் சொன்னால் அதன்படியே நடக்க வேண்டும்.

போய் இருக்க ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுதல்

சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பை இழுத்துச் சேர்ப்பதற்குக் கெட்டமைன் கொடுக்கப்போகிறோம் என்று சொன்ன மயக்க மருத்துவர், கையில் டிரிப்ஸ் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே, “அம்மா, இப்போது எங்கே இருந்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும்?” என்று கேட்டார். சித்தி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எங்க ஊர் வாய்க்கால் படித்துறை” என்றார். எந்தப் படியில் உட்காருவீர்கள், தண்ணீர் எதுவரை வரும், கரையில் என்ன மரம் என்று அவர் கேட்டுக்கொண்டே போக, மூன்றாவது படி, முழங்கால் வரை, இலுப்பை மரம் என்று சித்தி சொல்லிக்கொண்டே போனார். மருந்து ஏறும்போது, “இப்போது உடம்பு லேசாகும், மிதப்பது போல இருக்கும், எல்லாம் விநோதமாகத் தெரியும், அது மருந்துதான், நாங்கள் பக்கத்தில்தான் இருக்கிறோம்” என்றார் மருத்துவர். அரை மணி நேரம் கழித்துக் கண் விழித்த சித்தி என்னிடம் முதலில் கேட்டது, “புடவை நனைஞ்சிடுச்சாடா?” என்பதுதான்.

இது ஏதோ மனோவசிய வித்தை அல்ல. மூளைக்கு வெளியிலிருந்து வரும் செய்திகள் துண்டிக்கப்படும் அந்த நேரத்தில், கடைசியாக மனத்தில் இருந்த படமும் உணர்வுமே உள்ளே ஓடும் காட்சிக்கு விதையாகின்றன. பயத்தோடு உள்ளே போகிறவர் பயத்தைக் கொண்டுபோகிறார். எல்லோருக்கும் எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவும் இல்லை, தீங்கும் இல்லை என்பதால் செய்யாமல் விடுவதற்குக் காரணமும் இல்லை.

உங்கள் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே செய்யலாம். முந்தின இரவே ஓர் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அது பார்த்துப் பழகிய இடமாக, கையால் தொட்டுச் சொல்லக்கூடிய விவரங்கள் உள்ள இடமாக இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து வேண்டாம், பாட்டி வீட்டுத் திண்ணை போதும். அந்தத் திண்ணையின் குளிர்ச்சி, தூணில் இருந்த கீறல், அடுப்படியிலிருந்து வந்த வாசனை ஆகியவற்றை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பழகுங்கள். இறந்துபோனவர்களை மையமாக வைத்த நினைவைத் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். தெளியும்போது அது அழுகையாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன். தியேட்டரில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விநோதமாக எதையாவது உணரத் தொடங்கினால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். “இது மருந்து, இறங்கிவிடும்” என்ற ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறந்துவிட்டேன் என்று நான் முடிவு செய்த அந்த நிமிடத்தில் என்னிடம் அந்த வாக்கியம் இல்லை.

தெளியும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு

உங்கள் முதல் கடமை எழுப்பாமல் இருப்பது. கன்னத்தில் தட்டுவது, தோளைக் குலுக்குவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது, ஐந்து பேர் சுற்றி நின்று மாறி மாறிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, “நான் யார் சொல்லு பார்க்கலாம்” என்று பரீட்சை வைப்பது ஆகிய அனைத்தும் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தீங்குகள். கெட்டமைன் கொடுத்தவரைத் தெளியும் நேரத்தில் பேச்சாலும் தொடுதலாலும் வெளிச்சத்தாலும் அதிகம் சீண்டக் கூடாது என்று மருந்துக் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறது. மூச்சையும் நாடியையும் பார்க்க வேண்டியது செவிலியரின் வேலை, அது தேவை; விரலில் மாட்டியிருக்கும் கிளிப் கழன்றால் சொல்லுங்கள். மற்றபடி ஒருவர் மட்டும் உட்காருங்கள், மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள், வாசல் கதவைச் சாத்திவையுங்கள், முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்லுங்கள்.

நோயாளி தானாகக் கண் திறந்து பேசத் தொடங்கியதும் தாழ்ந்த குரலில் மூன்று செய்திகள் சொன்னால் போதும்: ஆபரேஷன் முடிந்துவிட்டது, நீங்கள் இன்ன மருத்துவமனையில் இருக்கிறீர்கள், நான் இன்னார் பக்கத்தில் இருக்கிறேன். அவர் பார்ப்பதை மறுத்து வாதாட வேண்டாம். “கூரையில் மீன் நீந்துகிறது” என்றால், “எங்கே மீன்? ஒன்றுமில்லை!” என்று கத்துவதும் தவறு, “ஆமாம், பெரிய மீன்” என்று விளையாட்டுக்கு ஒத்து ஊதுவதும் தவறு. “மருந்தினால் அப்படித் தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடும்” என்று சொல்லுங்கள். இதைக் கைபேசியில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போடுகிறவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை. சுயநினைவு இல்லாதவர் அதற்குச் சம்மதம் கொடுக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

அவர் உளறுவதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒரு பெயரைச் சொன்னார், பணத்தைப் பற்றி ஏதோ சொன்னார் என்று பின்னால் குடும்பத்தில் வழக்கு நடப்பது உண்டு. மயக்க மருந்து உண்மையை வரவழைக்கும் என்பது திரைப்படங்கள் வளர்த்த நம்பிக்கை. நடந்தது, படித்தது, பயந்தது, விரும்பியது எல்லாம் ஒரே குழம்பாகத்தான் வெளியே வரும். இத்தகைய மருந்து கொடுத்துக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேசவைக்கும் நார்கோ சோதனையை ஒருவர் மீது கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீதிமன்றம் கட்டாயப்படுத்த மறுத்ததை நாம் வீட்டுக் கூடத்தில் நடத்த வேண்டாம். அதேபோல், அம்மனைப் பார்த்தேன், இறந்த தாத்தா கூப்பிட்டார் என்று அவர் சொன்னால் அதற்காக மந்திரிக்க ஓட வேண்டியதும் இல்லை; அவருக்கு அந்தக் காட்சி ஆறுதலாக இருந்தால் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

சிறுவர்களின் கதை கொஞ்சம் வேறு. செவோஃப்ளூரேன் என்ற வாயுவை முகமூடி வழியே கொடுத்து மயக்கிய இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் தெளியும்போது, தாயையே அடையாளம் தெரியாமல் கதறி, கால்களை உதைத்து, சமாதானத்துக்கே கட்டுப்படாமல் இருப்பதைப் பார்த்துப் பெற்றோர் நொறுங்கிப்போகிறார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தானே அடங்கி, குழந்தை தூங்கி எழும்போது எதையும் நினைவு வைத்திருப்பதில்லை. அதுவரை விழாமலும் ஊசியைப் பிடுங்காமலும் பார்த்துக்கொண்டு, மடியில் வைத்து ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருங்கள். வழக்கமாகக் கட்டிக்கொண்டு தூங்கும் துணியோ பொம்மையோ இருந்தால் முன்கூட்டியே எடுத்து வாருங்கள். வலியினாலும் இப்படி அழலாம் என்பதால் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முதியவர்களுக்கு மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் எடுத்துப் போக மறக்காதீர்கள். பார்வையும் செவியும் மங்கிய நிலையில் புது அறையில் கண் விழிக்கும் எண்பது வயதுக்காரருக்கு, திரைச்சீலை மனிதனாகத் தெரிவதற்கு மருந்தே தேவையில்லை. அவர்களிடம் குழப்பம் அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ தொடங்கலாம். பகலில் தெளிவும் இரவில் பிதற்றலுமாக மாறி மாறி வரலாம். அதை வயதின் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். சிறுநீர் கட்டியிருக்கிறதா, சர்க்கரை இறங்கியிருக்கிறதா, உப்புச்சத்து குறைந்திருக்கிறதா, ஆக்சிஜன் போதுமா, வலி அடங்கியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நேரங்களில் காரணம் இவற்றில் ஒன்றாகவே இருக்கும். பென்டசோசின் போன்ற சில வலி ஊசிகளும் தம் பங்குக்குப் பிரமையைக் கொடுக்கக்கூடியவை என்பதால், கடைசியாக என்ன ஊசி போட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கனவா, இடையில் விழிப்பா

மயக்கத்தின் நடுவே உண்மையிலேயே நினைவு திரும்பிவிடுவது வேறு விஷயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஒரு பெரிய தணிக்கை 2014இல் வெளியானது. முழு மயக்கத்தில் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் இப்படி நடந்ததாகத் தெரிவித்திருக்கிறார் என்று அது சொல்கிறது. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, உடலை அசைக்க முடியாத நிலையில் செய்யும் அறுவை சிகிச்சைகளில்தான் இந்த ஆபத்து அதிகம். சிறு அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலும் அந்த மருந்து தேவைப்படுவதில்லை. மருந்து குறைந்தால் நோயாளியின் கை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அரைத்தூக்கத்தில் இருந்தவருக்கு நீ முழுக்கத் தூங்குவாய் என்று யாராவது வாய்தவறிச் சொல்லியிருந்தால், கேட்ட குரல்கள் எல்லாம் அவருக்கு ஏமாற்றமாகவும் அதிர்ச்சியாகவும் ஆகிவிடுகின்றன. முந்தின நாள் கேட்கச் சொன்ன கேள்வியின் பயன் இங்கேதான் தெரியும்.

இதைப் பிரித்தறிய 1970இல் பிரிட்டன் மயக்க மருத்துவர்கள் வகுத்த எளிய கேள்விகள் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. பிரைஸ் வினாக்கள் என்று அவற்றுக்குப் பெயர். தூங்குமுன் கடைசியாக நினைவில் இருப்பது என்ன, விழித்ததும் முதலில் நினைவில் இருப்பது என்ன, இடையில் ஏதாவது நினைவிருக்கிறதா, கனவு வந்ததா, எல்லாவற்றிலும் மோசமாகத் தோன்றியது எது என்று கேட்பார்கள். நோயாளி நன்றாகத் தெளிந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு நீங்களே இதே வரிசையில் கேட்கலாம். “வலித்ததா? கத்தி வைத்தது தெரிந்ததா?” என்று பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்காதீர்கள், கலங்கிய நினைவு கேள்வியின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள், சில நினைவுகள் தாமதமாகவே மேலே வருகின்றன. அறையில் பேசப்பட்ட சொற்களை அப்படியே சொன்னாலோ, அசைய முயன்றும் முடியவில்லை என்றாலோ, இழுப்பும் வலியும் தெரிந்தன என்றாலோ, அதை மயக்க மருத்துவரிடம் அன்றே சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அதெல்லாம் கனவு, மறந்துவிடு என்று தள்ளிவிட்டால், அது பிற்பாடு தூக்கமின்மையாகவும் மருத்துவமனை வாசலையே மிதிக்க முடியாத பயமாகவும் தங்கிவிடக்கூடும்.

சொல்லக் கூசும் இன்னொன்றும் உண்டு. மிடசோலம், புரோப்போஃபால் போன்ற மருந்துகளில் பாலியல் சார்ந்த கனவுகள் சிலருக்கு வருவதும், அவை நடந்த சம்பவம் போலவே அழுத்தமாகப் பதிவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதற்காக, தன்னிடம் யாரோ தவறாக நடந்துகொண்டார் என்று ஒரு பெண் சொன்னவுடனே அது மருந்தின் வேலை என்று வாயை அடைப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. நடந்திருந்தால் அது குற்றம், கனவு என்றால் அது தெளிவாக வேண்டும், இரண்டுக்கும் விசாரணைதான் வழி. பெண் நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும்போதும் தெளியும்போதும் பெண் ஊழியர் ஒருவர் உடனிருப்பது நோயாளியையும் மருத்துவரையும் ஒருசேரக் காக்கிறது. உள்ளே போகுமுன் “சிஸ்டர் யாராவது கூட இருப்பார்களா?” என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவது, மது, கத்தி, அடுப்பு, கையெழுத்து ஆகிய ஐந்தும் வேண்டாம். பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்தவரை அடுத்த நாள் வரச் சொல்லுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். அரைத்தூக்கத்தில் பழைய காட்சி ஒரு கணம் மின்னி மறைவது கெட்டமைனில் ஒரு நாள் வரை நடக்கலாம். அதற்குப் பிறகும் இல்லாதது தெரிந்தாலோ, காய்ச்சலோடு பிதற்றல் வந்தாலோ, எழுப்பியும் எழாத தூக்கமாக இருந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, யாரோ கொல்ல வருவதாகச் சொல்லி வெளியே ஓட முயன்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாக, அடுத்த முறைக்கு உதவும்படி ஒரு குறிப்பு எழுதி மருத்துவமனைக் கோப்பிலேயே வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர் இல்லாவிட்டால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு கண்புரை அறுவைக்குப் போனபோது சித்தி தன் பழைய கோப்பைப் பையிலிருந்து எடுத்து மருத்துவரிடம் நீட்டினார். முதல் பக்கத்தில் நான் அன்று எழுதி ஒட்டிய சிறு தாள் அப்படியே இருந்தது: “கெட்டமைன், மிடசோலத்துடன். பயம் இல்லாமல் தெளிந்தார். இடது காது மந்தம், வலப்பக்கம் நின்று பேசவும். போக விரும்பும் இடம்: வாய்க்கால் படித்துறை, மூன்றாவது படி.”